புது காருக்கு ஆயிரம் கிலோமீட்டரிலேயே நாமே ஆயில் மாற்றலாமா?

கோட்டையூர்க்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். மாருதியில் 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டி ஒன்று புதிதாக எடுத்திருக்கிறோம். மீட்டர் 900-ஐத் தாண்டிவிட்டது. முதல் ஃப்ரீ சர்வீஸுக்கு வரச்சொல்லி மெசேஜும் வந்துவிட்டது. ஆயில் மாற்றுவீர்களா என்று போனில் கேட்டேன். "முதல் சர்வீஸில் செக்கப் மட்டும்தான் சார். 5,000-லும் செக்கப்தான். ஆயில் 10,000 கிலோமீட்டர், இல்லையென்றால் ஒரு வருஷம், எது முந்துகிறதோ அது" என்றார்கள்.

மனசு ஒப்பவில்லை. என் புல்லட்டுக்கு 500 கிலோமீட்டரில் முதல் சர்வீஸ். அதிலேயே ஆயிலை இறக்கிவிட்டார்கள். அப்பச்சி அம்பாசிடர் வைத்திருந்த காலத்தில், எஞ்சின் போர் செய்து (சிலிண்டரைக் கடைந்து புதுப்பித்து) வந்தால் முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றிவிட வேண்டும் என்பதில் மறுபேச்சே கிடையாது. "உதிர்ந்த பொடியை உள்ளேயே வச்சுக்கிட்டு ஓட்டுறதுக்கு வண்டி எதுக்கு?" என்பார். பைக்குக்கு 500, காருக்கு 10,000 என்றால் நடுவில் என்னதான் மாறிவிட்டது?

வண்டி பெரும்பாலும் வீட்டிலிருந்து காரைக்குடிக் கடைக்குப் போய் வரும். ஐந்தாறு கிலோமீட்டர்தான். எப்போதாவது திருச்சி, மதுரை. பதினைந்து வருஷமாவது வைத்துக்கொள்ளும் எண்ணம். புல்லட்டுக்கு நானே ஆயில் மாற்றிப் பழக்கம் உண்டு, ஸ்பேனர் செட் இருக்கிறது. ஃப்ரீ சர்வீஸ் முடிந்ததும் நானே ஒருமுறை மாற்றிவிடலாமா? பிரயோஜனம் உண்டா, வாரன்டிக்கு வம்பு வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சர்வீஸ்பக்கம்:

தேவையில்லை சார். மேனுவலில் 10,000 என்று போட்டவர்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடப் போகிறது? இப்போதெல்லாம் பாகங்களைக் கழுவிச் சுத்தம் செய்துதான் பொருத்துகிறார்கள். 3 வருஷம், ஒரு லட்சம் கிலோமீட்டர் வாரன்டி கையில் இருக்கும்போது சும்மா இருக்கிற எஞ்சினில் ஏன் கை வைக்கிறீர்கள்? அந்தக் காசுக்கு நல்ல மேட் வாங்கிப் போடுங்கள்.


டெப்போக்காரர், தேவகோட்டை:

தம்பி, மேலே சொன்னவர் சொன்னதில் பாதி சரி. மீதியை நான் சொல்கிறேன். பஸ் டெப்போவில் எஞ்சின் ஓவர்ஹால் பக்கம்தான் என் சர்வீஸ் முழுக்க.

முதலில் உங்கள் பைக் கணக்கு. புல்லட் இப்போது வருகிற யூனிட் எஞ்சின் என்றால் எஞ்சின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். கியர் பல் உரசி உதிர்வதும், கிளட்ச் பிளேட்டில் தேய்வதும் எல்லாம் அதே ஆயிலில்தான் மிதக்கும். ஆயிலும் கொஞ்சம்தான் பிடிக்கும். அதனால்தான் 500-லேயே இறக்கச் சொல்கிறார்கள். காரில் கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில். எஞ்சின் ஆயிலுக்கு எஞ்சின் அழுக்கு மட்டும்தான். இந்த ஒரு விஷயத்திலேயே பாதிக் கேள்வி தீர்ந்துவிடும்.

அடுத்து அப்பச்சி சொன்ன பொடி. அது பொய்யில்லை. சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு விழுகிற மாதிரி கல் போட்டு இழைப்பார்கள், ஹோனிங் என்போம். ஆயில் சுவரில் தங்குவதற்கு அந்தக் கோடுதான் ஆதாரம். புதிதில் அதன் முனைகள் கூர்மையாக இருக்கும். பிஸ்டன் ரிங் ஏறி இறங்கி முனைகள் மழுங்கும்போது ரிங்கும் சுவரோடு ஒட்டி உட்காரும். அப்போது உதிர்வதுதான் அந்தப் பொடி. அம்பாசிடர் காலத்தில் இந்த மழுங்கல் முழுவதையும் வண்டிக்காரர்தான் ஓட்டி ஓட்டிச் செய்ய வேண்டும். இப்போது கம்பெனியிலேயே இரண்டாவது முறை மெல்லிய கல் போட்டு முனைகளைச் சீவி அனுப்பிவிடுகிறார்கள். வேலையில் பெரும்பங்கு தொழிற்சாலையில் முடிந்துவிடுகிறது. அதனால்தான் மேனுவலில் தைரியமாக 10,000 போட முடிகிறது.

ஆனால் பொடி அறவே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புது வண்டியின் முதல் ஆயிலைத் தட்டில் பிடித்து வெயிலில் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். நிறம் இன்னும் தேன் போலத்தான் இருக்கும், ஆனால் தட்டை லேசாக அசைத்தால் வெள்ளி ஜரிகை மாதிரி ஒரு மினுமினுப்பு ஓடும். விரலில் தொட்டால் நெருடாது, அவ்வளவு நைசு. பேரிங் பொருத்தும்போது தடவுகிற பேஸ்ட்டும், சேம்பரை (எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கிற தொட்டியை) ஒட்டப் போடுகிற அனபாண்ட் மாதிரி சமாசாரத்தின் துணுக்குகளும் கூடவே வரும். முதல் ஆயிலை லேபில் கொடுத்துப் பார்த்தால் இரும்பும் செம்பும் சிலிகானும் தூக்கலாக இருக்கும். அடுத்தடுத்த ஆயிலில் மளமளவென்று இறங்கிவிடும்.

ஃபில்டர் பிடித்துக்கொள்ளாதா என்றால், சாதாரண ஃபில்டர் இருபது முப்பது மைக்ரானுக்கு மேற்பட்டதைத்தான் ஒழுங்காகப் பிடிக்கும். தலைமுடி எழுபது மைக்ரான் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரிங்கில் ஆயில் படலம் நிற்பதே சில மைக்ரான் கனத்தில்தான். ஃபில்டருக்குத் தப்பியது அந்த இடத்துக்குப் போகத்தான் செய்யும்.

அப்படியென்றால் மாற்ற வேண்டுமா? ஐந்து வருஷத்தில் கொடுத்துவிடுகிற ஆள் என்றால் வேண்டாம், வித்தியாசமே தெரியாது. பதினைந்து வருஷம் என்கிறீர்கள். நானாக இருந்தால் 1,000-க்கும் 2,000-க்கும் நடுவில் ஒரே ஒரு தடவை, ஃபில்டரோடு சேர்த்து மாற்றுவேன். கிடைக்கிற லாபம் பெரிது என்று சத்தியம் செய்ய மாட்டேன். சரியான கிரேடு (ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்கிற எண்) போட்டால் கெடுதல் ஒன்றும் இல்லை, செலவு மூன்று லிட்டரை ஒட்டி ஆயிலும் ஒரு ஃபில்டரும்தான். ஆனால் எல்லாக் கம்பெனிக்கும் இதையே பொருத்தக் கூடாது. ஹோண்டா, தொழிற்சாலையில் ஊற்றிய ஆயிலை முன்கூட்டி மாற்றாதீர்கள் என்றே சொல்லிவந்திருக்கிறது. அவர்கள் மேனுவலுக்கு அவர்கள் பேச்சு.

கிரேடில் மட்டும் கைவரிசை காட்டாதீர்கள். உங்கள் மேனுவலில் 0டபிள்யூ-20 என்றோ 0டபிள்யூ-16 என்றோ இருக்கும். "நம்ம ஊர் வெயிலுக்கு இது தண்ணி சார், 20டபிள்யூ-50 போடுங்க" என்று கடையில் ஒருத்தர் சொல்வார். அம்பாசிடருக்குச் சரி, இதற்கு ஆகாது. இந்த எஞ்சினின் ஆயில் வழிகளும் பம்பும் மெல்லிய ஆயிலை நம்பி வடிவமைத்தவை.

இப்போது நீங்கள் கேட்காத விஷயம். ஆயிலை எப்போது மாற்றுகிறீர்கள் என்பதைவிட முதல் ஆயிரத்தை எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதுதான் ரிங்குக்கு முக்கியம். சுசுகி மேனுவலில் முதல் 960 கிலோமீட்டருக்கு என்று தனியாகவே எழுதியிருக்கும்: நெடுநேரம் ஒரே வேகத்தில் பிடிக்காதே, கிளப்பியவுடன் ரேஸ் பண்ணாதே, அடித்துக் கிளப்பாதே என்று. நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? புது வண்டி எடுத்த கையோடு திருச்சி பைபாஸில் ஏறி எண்பதில் வைத்து அப்படியே பிடிக்கிறார்கள், "நிதானமாத்தான் போனேன்" என்றும் சொல்கிறார்கள். ரிங் உட்காருவதற்கு வேகம் ஏறி இறங்க வேண்டும். அதற்கு நம் பக்கத்தில் இருப்பதைப் போல ரோடு வேறு எங்கே? பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, இரணியூர், இளையாற்றங்குடி, மாத்தூர், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, நேமம் என்று ஒன்பது கோயிலையும் ஒரு சுற்று போய் வாருங்கள். மூன்றாவது கியரில் வேகம் ஏறி, ஊர் வந்தால் இறங்கி, மாடு நின்றால் நின்று, மறுபடி ஏறி. எஞ்சினுக்கும் நல்லது, வண்டிக்குப் பூஜை போட்ட கணக்கிலும் சேரும்.

பாக்கி கவலை எல்லாம் எனக்கு உங்கள் ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தின் மேல்தான். வண்டி கிளப்பிய புதிதில் பெட்ரோல் கூடுதலாகப் போகும். அதில் எரியாத கொஞ்சம் ரிங் வழியாக ஆயிலில் இறங்கும். எரிந்த புகையில் இருக்கிற நீராவியும் சேம்பரில் சேரும். ஆயில் நன்றாகச் சூடாகி கொஞ்ச நேரம் ஓடினால் இரண்டும் ஆவியாகிப் போய்விடும். ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைக் காட்டுகிற முள் நடுவுக்கு வந்துவிட்டது என்பதால் ஆயிலும் சூடாகிவிட்டது என்று அர்த்தமில்லை, அது பிந்தித்தான் சூடாகும். கோட்டையூரில் கிளப்பி காரைக்குடியில் அணைத்தால், சூடு ஏறும்போதே நிறுத்திவிடுகிறீர்கள். மேனுவலின் பின்பக்கத்தில் 'கடினமான உபயோகம்' என்று ஒரு அட்டவணை இருக்கும், யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. குறுகிய ஓட்டமும் புழுதி ரோடும் அதில்தான் வரும். ஒரு வருஷம் காத்திருக்காமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். முதல் ஆயிலுக்குச் செலவழிக்கிற காசை இதில் போட்டால் இன்னும் பிரயோஜனம்.


வக்கீல்குமாஸ்தா:

வாரன்டி பற்றி மட்டும். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகள் மீது ஓர் உத்தரவு போட்டது. உதிரிபாகங்களை வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பது வழக்கு. அபராதம் மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல். அதே உத்தரவில், வண்டியை வெளியில் வேலை பார்த்தால் வாரன்டியே ரத்து என்று மொத்தமாக நிபந்தனை போடக்கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின, அது வேறு கதை.

ஆனால் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு சர்வீஸ் கவுன்ட்டரில் வாதாட முடியாது. மூன்று ஃப்ரீ சர்வீஸையும் தேதி தவறாமல் செய்து புத்தகத்தில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் மாற்றுவது அதற்கு மேலே ஒரு கூடுதல், அதற்குப் பதில் அல்ல. என் மாமா ஒருவர் வேறு கம்பெனி வண்டியில் ஃப்ரீ சர்வீஸைத் தவறவிட்டு, ஏசி கம்ப்ரஸர் போனபோது, ஆயிலுக்கும் ஏசிக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும், அந்த ஒரு சீல் இல்லை என்பதைக் காட்டியே இழுத்தடித்தார்கள்.


கோட்டையூர்க்காரன்:

டெப்போ அண்ணே, ரொம்ப நன்றி. கியர்பாக்ஸ் ஆயில் விஷயம் இத்தனை நாள் எனக்குத் தோன்றவே இல்லை. ஒன்பது கோயில் யோசனையை ஆச்சியிடம் சொன்னேன், இந்த வாரமே கிளம்பலாம் என்கிறாள்!

வீட்டுப் பின்கட்டு வாசலில் வண்டி நிறுத்த இடம் இருக்கிறது, சிமென்ட் தரை. வண்டியோடு வந்த ஜாக்கி போதுமா? புல்லட்டில் பார்க்காத விஷயம் எதுவும் உண்டா?


டெப்போக்காரர், தேவகோட்டை:

ஜாக்கி டயர் மாற்றத்தான். அதை மட்டும் நம்பிக் கீழே படுக்கவே கூடாது. இரண்டு ஸ்டாண்ட் வாங்குங்கள், இல்லையென்றால் ஏற்றி நிறுத்துகிற இரும்பு ராம்ப். செங்கல் அடுக்கவே அடுக்காதீர்கள், சொல்லாமல் நொறுங்கும். அதைவிடச் சுலபம், புதுவயல் பக்கம் லாரி ஷெட்டுகளில் பள்ளம் இருக்கிறது. பழக்கமான ஷெட் என்றால் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் விடுவார்கள். வண்டியும் சமமாக நிற்கும், கீழே நின்றுகொண்டே வேலை பார்க்கலாம்.

புல்லட்டில் இல்லாதது, அடியில் இருக்கிற பிளாஸ்டிக் கவர். கிளிப்பைப் பிடித்து இழுக்காதீர்கள், நடு ஊசியை முதலில் கிளப்பிவிட்டு எடுக்க வேண்டும். எஞ்சினைச் சில நிமிஷம் ஓடவிட்டு, ஆயில் இளஞ்சூட்டில் இருக்கும்போது இறக்குங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம்.

ஆயிலை இறக்குகிற டிரெய்ன் போல்ட்டுக்கு ரிங் ஸ்பேனர் அல்லது பாக்ஸ் மட்டும். திறந்த வாய் ஸ்பேனர் போட்டால் தலை வழுக்கி உருண்டையாகிவிடும். சுற்றும்போது போல்ட்டை மேல்நோக்கி அழுத்திக்கொண்டே கையால் சுற்றி, கடைசி மரை கழன்றதும் வெடுக்கென்று இழுத்துவிடுங்கள், கை நனையாது. வாஷர் புதிது போடுங்கள். பழையது ஏற்கெனவே நசுங்கிப் படிந்துவிட்டது. திரும்பப் பூட்டும்போது முதல் சில சுற்று விரலால்தான். இந்த மாதிரி வண்டிகளுக்கு இறுக்க வேண்டிய அளவு 30 முதல் 45 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும், உங்களுடையதற்குச் சரியான எண்ணைக் கேட்டு வாங்கி டார்க் ரெஞ்சில் வையுங்கள். பலம் காட்டுகிற இடமில்லை இது. சேம்பரில் மரை போனால் செலவு எங்கேயோ போய் நிற்கும், வாரன்டியும் பேசாது. வக்கீல் தம்பி சொன்ன 'தவறான வேலை' அதுதான்.

ஃபில்டர் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் கூடவே வந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்று, அதன்மேல் புது ஃபில்டரைப் பூட்டினால், ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்தில் ஆயில் பீய்ச்சி அடித்துவிடும். புது வளையத்தில் நல்ல ஆயிலை விரலால் தடவி, கையால் சுற்றி, ரப்பர் தொட்ட பிறகு முக்கால் சுற்று. ஸ்பேனர் வேண்டாம்.

மேனுவல் அளவில் கொஞ்சம் குறைத்தே ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்து ஆயில் லைட் அணைந்ததும் கீழே ஒழுகுகிறதா பாருங்கள். அணைத்து, சில நிமிஷம் விட்டு, டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் போட்டுப் பார்த்து மீதியை ஊற்றுங்கள். மேல்கோட்டைத் தாண்ட வேண்டாம்.


பள்ளத்தூர்ப் பேத்தி:

யாரும் முக்கியமான ஒன்றைப் பேசவில்லை. இறக்கிய ஆயிலை எங்கே கொட்டப் போகிறீர்கள்?

பழைய வீடு ஒன்றைப் பராமரிப்பவள் என்பதால் கேட்கிறேன். நம் வீடுகளில் வளவில் (நடு முற்றத்தில்) விழுகிற மழைத்தண்ணீர் கால்வாய் வழியாகத் தெருவுக்குப் போய், அங்கிருந்து ஊரணியில் சேர்கிற மாதிரித்தான் கட்டி வைத்திருக்கிறார்கள். பின்கட்டு வாய்க்காலில் மூன்று லிட்டர் ஆயிலை ஊற்றினால், அடுத்த மழைக்கு அது ஊரணி மேலே வானவில் நிறத்தில் படர்ந்து நிற்கும். எங்கள் தெருவில் ஒரு ஒர்க்ஷாப் இருந்தபோது பார்த்திருக்கிறேன்.

அப்புறம் "வேஸ்ட் ஆயிலைக் குடுங்கம்மா, நிலைக்கு அடிச்சா கரையான் வராது" என்று ஆசாரியே கேட்பார். பர்மா தேக்கில் அதைப் பூசினால் மரம் கறுத்து, புழுதி ஒட்டி, தொடுகிற குழந்தை கையெல்லாம் கரி. ஓடிய ஆயில் தோலுக்கும் ஆகாது. ஆத்தங்குடிக் கல்லில் சொட்டினால் கதை முடிந்தது. அது சிமென்ட் கல், உறிஞ்சிக்கொள்ளும், எத்தனை தேய்த்தாலும் அந்தக் கறை போகாது. தட்டுக்கு அடியில் பெரிய அட்டை விரித்துக்கொள்ளுங்கள்.

2016-ஆம் வருஷத்து அபாயகரக் கழிவு விதிகளில் பழைய ஆயிலும் சேர்த்திதான். அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் போய்ச் சேர வேண்டும். புது ஆயில் வந்த அதே கேனில் ஊற்றி இறுக மூடி, பீப்பாய் வைத்துச் சேர்க்கிற பெரிய ஒர்க்ஷாப்பில் கொடுங்கள். கொடுக்கும்முன் அது எங்கே போகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சென்ட்ரிங் பலகைக்கு என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.


சிங்கப்பூர்-கண்டனூர்:

இடையில் என் கேள்வி ஒன்று. எங்கள் கார் கண்டனூர் வீட்டில் நிற்கிறது. படைப்புக்கும் (முன்னோருக்குப் படைக்கிற வழிபாடு) கல்யாணத்துக்கும் வரும்போது மட்டும்தான் ஓடும். வாட்ச்மேன் வாரம் ஒருமுறை ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து வைக்கிறார். மீட்டர் 4,000கூடத் தொடவில்லை. இதற்கும் வருஷாவருஷம் ஆயிலா?


டெப்போக்காரர், தேவகோட்டை:

ஆமாம் தம்பி, உங்களுக்குக் கிலோமீட்டரை மறந்துவிட்டுத் தேதி மட்டும்தான். அந்த ஐந்து நிமிஷ ஸ்டார்ட்டை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். பெட்ரோலும் நீராவியும் ஆயிலில் சேர்வதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. பேட்டரியும் இழந்ததைத் திரும்ப ஏற்றிக்கொள்ளாது. லைசென்ஸ் உள்ள ஆள் யாராவது மாதம் இரண்டு முறை அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டி வரட்டும். முடியாதென்றால் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு நிம்மதியாக நிற்க விடுங்கள். கிளப்புவதற்கு முன் பானெட்டைத் திறந்து எலி வயர் கடித்திருக்கிறதா என்று பாருங்கள், நம் ஊர்ப் பெரிய வீடுகளில் அதுதான் முதல் செலவு.


கோட்டையூர்க்காரன்:

சரி, முடிவு செய்துவிட்டேன். முதலில் ஃப்ரீ சர்வீஸ், சீல். அப்புறம் ஒன்பது கோயில். அதன் பிறகு புதுவயலில் தெரிந்த ஷெட்டில் வைத்து ஒருமுறை மாற்றிவிட்டு, இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பழைய ஆயிலை ஷெட்காரர் எங்கே அனுப்புகிறார் என்று கேட்டுவிட்டேன் அக்கா, திருச்சியிலிருந்து அனுமதி உள்ள வண்டி வந்து எடுக்கிறதாம். ஆயிலும் ஃபில்டரும் எங்கே வாங்குவது நல்லது?


டெப்போக்காரர், தேவகோட்டை:

கம்பெனி ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்ட்டரிலேயே வாங்குங்கள். கொஞ்சம் கூடப் போனாலும் போலி பயம் இல்லை. பில்லில் வண்டி நம்பரையும் அன்றைய கிலோமீட்டரையும் எழுதி வாங்கி, மேனுவலுக்குள் வையுங்கள். பழைய ஆயிலை ஷெட் பீப்பாயில் சாய்த்ததும் அந்தக் கேனைக் கத்தியால் இரண்டாகக் கிழித்துப் போட்டுவிடுங்கள். முழுக் கேனுக்கு விலை கொடுக்க ஆள் அலைகிறது, அதில்தான் டூப்ளிகேட் ஊற்றி மூடுகிறார்கள்.